சாமி வந்ததென்று நினைத்தோம்

என் தங்கை செல்விக்கு மனம் அளவுமீறிப் பொங்கியும் ஒரேயடியாகச் சோர்ந்தும் போகும் நோய். அதற்கு லித்தியம் மாத்திரை குடிக்கிறாள். சென்ற வருடம் இலங்கை மலையகத்தில், கொஸ்லந்தையில், எங்கள் தேயிலைத் தோட்டத்துத் திருவிழாவுக்கு அவள் தண்ணீர்கூடக் குடிக்காமல் விரதம் இருந்தாள். மாத்திரையை மட்டும் தவறவிடாமல் வெறும் வாயிலேயே விழுங்கினாள். அது எனக்கு நிம்மதியாகவே இருந்தது.

மறுநாள் கரகம் வரும்போது அவளுக்குக் கை நடுங்கியது, கால் தள்ளாடியது, நாக்குக் குழறியது.

"ஆத்தா வந்துட்டா!" என்று பக்கத்து லயத்து வரிசை வீட்டு மாரியாயி அக்கா காலில் விழுந்தார். "எம் மகளுக்கு எப்ப கல்யாணம்? சொல்லு தாயி!"

செல்வி என்னைப் பார்த்து, "அக்கா... தண்ணி..." என்றாள்.

"ஆத்தா தண்ணி கேக்குறா, மஞ்சத்தண்ணி ஊத்துங்க!"

குடம் குடமாக அவள் தலையில் ஊற்றினோம். நானும் ஊற்றினேன். வாயில் ஒரு மிடறு கொடுக்க யாருக்கும் தோன்றவில்லை.

மயங்கி விழுந்த பிறகே ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். உடம்பில் நீர் வற்றியதால் மருந்து இரத்தத்தில் விஷமாக ஏறிவிட்டது என்றார் டாக்டர். செல்வி பிழைத்துக்கொண்டாள்.

இப்போது விரதமென்றால் முதலில் கிளினிக்கில் கேட்கிறோம். திருவிழாவில் யாருக்காவது அருள் வந்தால் நான் அருகே போய், "என்ன மருந்து குடிக்கிறீங்க?" என்று கேட்கிறேன்.

"சாமிகிட்டயே மருந்து கேக்குறியாடி?" என்று ஏசுகிறார்கள்.

ஏசட்டும். பதில் வரும்வரை நான் நகர்வதில்லை.