சாருஜாவின் பாம்பு அடங்கின கதை

சிவானந்தத்தாரின் வலது கையில் அந்தப் பாம்பு கடிக்காத இடமில்லை. விஷமில்லாத சாதிதான், ஆப்பிரிக்க மலைப்பாம்புக் குட்டி. ஆனாலும் பல் பல்தானே. தொட்டி மூடியைத் திறந்தாலே சீறும். கை உள்ளே போனால் பாயும்.

பாம்பு மகள் சாருஜாவுடையது. பிரெஞ்சுக்காரப் பெடியன் ஒருவனோடு போய் இருக்கப் போகிறேன் என்று அவள் சொன்ன அன்று, தாய் புஷ்பராணி, "இனி இந்தப் படி ஏறாதை" என்று கத்திவிட்டாள். அவள் ஏறவில்லை. பார்க் எக்ஸ்டென்ஷன் பகுதியில், அவர்களின் மூன்றாம் மாடி வீட்டில் பாம்பு மட்டும் மிஞ்சியது.

தகப்பன் போனில் கெஞ்சிக் கெஞ்சி ஒரு சொல் வாங்கினார்.

"இவனுக்குக் கடிக்கிற பாம்பெண்டால் பயம், அப்பா. நீங்கள் அதைக் கையில எடுத்துப் பழக்குங்கோ. அடங்கினால் நானே வந்து கொண்டு போறன்."

"வீட்டை வருவியோ?"

"ஓம். மேல ஏறி வருவன்."

அது போதும் அவருக்கு. மகள் சொன்னபடியே செய்தார். தான் போட்டுக் கழற்றிய பெனியனை மணம் பிடிக்கட்டும் என்று தொட்டிக்குள் வைத்தார். சாப்பாடு என்று நினைத்துப் பாயாமலிருக்க, முதலில் வளைந்த கம்பியால் மெல்லத் தடவினார். இரை போட்டால் இரண்டு நாள் தொடவில்லை. கடித்தால் கையை இழுக்காமல் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார்.

வெயார்ஹவுஸில் கூட வேலை செய்யும் வசீகரன் கையைப் பார்த்துவிட்டுச் சிரித்தான். "என்ன அண்ணை, ஊரில பாம்பைக் கண்டால் பொல்லெடுத்த மனிசன், இஞ்ச மடியில வச்சுத் தாலாட்டுறியளாம்?"

"பொத்தடா வாயை."

மகள் ஏறி வருவாள் என்று கேட்டதும் புஷ்பராணியும் மாறினாள். வெள்ளிக்கிழமைகளில் தொட்டிக்குக் கீழே கரி மூட்டிச் சாம்பிராணி போட்டாள். "நாகதம்பிரானே, பிள்ளையைக் கொண்டு வந்து விடு" என்று விழுந்து கும்பிட்டாள். புகைக்கு அலறும் பெட்டியின் பற்றரியைக் கழற்றிக் கொடுப்பது சிவானந்தத்தாரின் வேலை. பனிக்காலம், ஜன்னல்களுக்கெல்லாம் பிளாஸ்டிக் ஒட்டிக் கிடந்தது. புகை சனிக்கிழமையும் போகாது.

மாசி மாதம் பாம்பு பாய்வதை விட்டது. பிறகு சீறுவதையும் விட்டது. ஒரு ஞாயிறு அவர் முழங்கையில் சுருண்டு பேசாமல் கிடந்தது. மனிசனுக்குக் கண் கலங்கிவிட்டது. உடனே மகளுக்கு வீடியோ கோல் எடுத்தார்.

"பார் பிள்ளை, அடங்கிட்டான்!"

சாருஜா சிரிக்கவில்லை. "தலையை ஏன் மேல நீட்டிக்கொண்டிருக்கிறான்? கிட்டக் காட்டுங்கோ. வாயில நுரை... அப்பா, அவன் அடங்கேல்லை. மூச்சு எடுக்க ஏலாமல் கிடக்கிறான். வீட்டில என்ன எரிச்சனீங்கள்?"

கதவடியில் நின்ற புஷ்பராணியின் முகம் வெளுத்துப் போனது.

"சாம்பிராணி," என்று சிவானந்தத்தார் முந்திக்கொண்டார். "நான்தான் போட்டனான்."

மிருக வைத்தியரிடம் கொண்டு ஓடினார். கார் ஹீட்டரை முழுதாகப் போட்டு, பெட்டியைத் தன் ஜாக்கெட்டால் சுற்றியிருந்தார். நுரையீரல் முழுக்கச் சளி, காலம் கடந்துவிட்டது என்றார்கள். அன்று பின்னேரமே செத்தது.

சாருஜா வந்தாள். வீட்டுக்கல்ல, வைத்தியர் வாசலுக்கு. பெடியன் கார் எஞ்சினை நிற்பாட்டாமல் வைத்திருந்தான். அவள் பெட்டியை வாங்கிக்கொண்டாள்.

"வீட்டை ஒருக்கா வந்திட்டுப் போ பிள்ளை. கொம்மா சமைச்சு வச்சிருக்கிறா."

"இனி எனக்குப் போன் எடுக்காதேங்கோ, அப்பா."

அவர் படியேறி வந்தபோது புஷ்பராணி அவருக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள். ஒருவருமில்லை.

"என்னாலதானே?"

"என்னோடதான் கோவம். உனக்கு எடுப்பாள்."

புஷ்பராணி போனை மடியில் வைத்துக்கொண்டு இருந்தாள். அடுத்த நாளும் அப்படித்தான் இருந்தாள். சிவானந்தத்தார் பக்கத்தில் இருந்து, அடிக்காத அந்தப் போனையே பார்த்துக்கொண்டிருந்தார்.