எழுதாததை வரையக் கூடாது

பென்சிலை பிளேடால்தான் சீவுவார். ஷார்ப்னர் மேசையிலேயே கிடக்கும், தொட மாட்டார். பழைய செய்தித்தாளை விரித்து, கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிவிட்டு, ஒவ்வொரு பென்சிலையும் ஊசியாக்கி வரிசையாக வைப்பார். படியில் செருப்புச் சத்தம் கேட்டதும் சீவலோடு தாளைச் சுருட்டி எறிந்துவிட்டுக் கதவைத் திறப்பார். உள்ளே வரும் பிள்ளைகளிடம் "வாங்க" என்றெல்லாம் சொல்வதில்லை. போன வாரம் பாதியில் விட்ட பேச்சை அந்த இடத்திலேயே பிடித்துக்கொள்வதுபோலக் கேட்பார்: "அப்புறம்?"

அதனால் பிள்ளைகள் தங்களுக்குள் அவருக்கு வைத்திருக்கும் பெயர் "அப்புறம் மிஸ்". அது அவருக்கும் தெரியும்.

பள்ளிக்கூடம் போகாமல் வீட்டிலேயே படிக்கும் பிள்ளைகளுக்குக் கட்டுரை எழுதக் கற்றுக்கொடுப்பது அவருடைய தொழில். கணக்கு, அறிவியல் எல்லாம் பெற்றோரே சமாளித்துவிடுகிறார்கள். கட்டுரை என்று வந்ததும் கையைத் தூக்கிவிடுகிறார்கள். சனிக்கிழமை காலையில் அவர் வீட்டுச் சாப்பாட்டு மேசைதான் வகுப்பறை. அதே வீட்டில் ஓர் அறையில் நான் வாடகைக்கு இருக்கிறேன். அன்றைக்கு எனக்கு அலுவலகம் கிடையாது. தண்ணீர் குடிக்கப் போகிற சாக்கில் சமையலறை வாசலிலேயே நின்றுவிடுவேன்.

"இந்தப் பிள்ளைங்க எழுதுறத அவங்கவங்க அம்மா மட்டும்தான் படிக்க முடியும்" என்பார். உண்மைதான். பேக்கரிக்காரர் மகன் ஒருமுறை இப்படி எழுதியிருந்தான்: 'அது மறுபடியும் உடைந்துவிட்டதால் அவர் வழக்கம்போலக் கத்தினார். நாங்கள் அங்கே போய் ஒளிந்துகொண்டோம்.' எது உடைந்தது, யார் கத்தினார், எங்கே ஒளிந்தார்கள் என்று கேட்டதற்கு அவன் உண்மையாகவே திகைத்துப்போனான். "அம்மாவுக்குத் தெரியுமே மிஸ்."

காலையிலிருந்து இரவுவரை ஒரே வீட்டுக்குள் இருக்கும் பிள்ளைகள். அவர்கள் எழுதுவதைப் படிப்பவரும் அந்த வீட்டில்தான் இருக்கிறார். எதையும் விளக்க வேண்டிய தேவை அவர்களுக்கு வந்ததே இல்லை.

அதற்கு மிஸ் ஒரு வழி வைத்திருக்கிறார். ஒரு பிள்ளை தன் வீட்டில் ஓர் அறையைப் பற்றி எழுத வேண்டும். அந்த வீட்டுக்குப் போயிராத இன்னொரு பிள்ளை அதைப் படித்து, அதில் உள்ளபடியே அறையை வரைய வேண்டும். வரைந்து முடிக்கும்வரை இருவரும் பேசிக்கொள்ளக் கூடாது. பிறகு எழுதிய பிள்ளை கையில் படத்தைக் கொடுப்பார்கள். அப்போது பார்க்க வேண்டும் முகத்தை.

எதற்கெடுத்தாலும் வாதாடுவதால் "வக்கீல்" என்று பெயர் வாங்கிய பெண் ஒருத்தி உண்டு. தன் சமையலறைப் படத்தைப் பார்த்துக் கொதித்துப்போனாள்.

"எங்க வீட்டுக் கிச்சனுக்குக் கதவே இல்லையா?"

"நீ எழுதல" என்றான் பேக்கரிப் பையன்.

"கதவு இருக்கும்னு தெரியாதா?"

"எனக்கெப்படித் தெரியும்? நீங்க ஜன்னல் வழியா குதிச்சுப் போறவங்களோ என்னமோ."

மிஸ் சிரிக்காமல், "நியாயமான சந்தேகம்தான். கதவ எழுது" என்றார்.

வரைகிறவருக்கும் ஒரு விதி உண்டு. எழுதாததை வரையக் கூடாது. பேக்கரிப் பையன் ஒருநாள் யாரோ ஒருவர் வீட்டு சோபாவில் பூனை ஒன்றைப் படுக்கப் போட்டிருந்தான்.

"பூனை எங்கடா வந்துச்சு இதுல?"

"சோபா இருந்தா பூனை இருக்கும் மிஸ்."

"உனக்கு ஆசையா இருக்குங்கிறதுக்காக வரைஞ்சிடுறதா? அழி."

"வால் மட்டும் இருக்கட்டும் மிஸ்."

"வாலையும் அழி."

ரப்பரை அவன் பக்கம் நகர்த்தி வைத்துவிட்டு, வால் காணாமல் போகும்வரை பார்த்துக்கொண்டே நின்றார்.

வகுப்பு முடிந்து மகனை அழைத்துப்போக வரும் பேக்கரிக்கார அம்மா வாசலில் நின்று அலுத்துக்கொள்வார். "நாள் பூரா கண்ணு முன்னாடியேதான் இருக்கான் மிஸ். உள்ள என்ன ஓடுதுன்னே தெரியல. கேட்டா ஒண்ணுமில்லங்கிறான்."

"ஒண்ணுமில்லன்னு உங்க முகத்தப் பாத்துச் சொல்றான்ல" என்றார் மிஸ். அந்த அம்மா அதை வேடிக்கைப் பேச்சாக எடுத்துக்கொண்டு சிரித்துவிட்டுப் போனார்.

மிஸ்ஸுக்கு ஒரு மகள். பதின்மூன்று வயது. பெற்றோர் பிரிந்தபோது அப்பாவோடு போகிறேன் என்று அவளே சொன்னாள், மிஸ் தடுக்கவில்லை. அப்பாவும் மகளும் சமீபத்தில் வேறு ஊரில் ஒரு புது வீட்டுக்குக் குடிபோயிருக்கிறார்கள். அந்த வீட்டை மிஸ் பார்த்ததில்லை. ஞாயிறு மாலை மகள் போன் செய்வாள். போனை ஸ்பீக்கரில் போட்டு மேசைமேல் வைத்துக்கொண்டு பேசுவார். குரல் அந்த அறை முழுக்கக் கேட்க வேண்டும் அவருக்கு.

"சாப்டியாம்மா?"

"ம்."

"என்ன சாப்ட?"

"எப்பவும் போலதான்."

"புது வீடு எப்படியிருக்கு?"

"நல்லாருக்கு."

"உன் ரூம்?"

"அது ரூம்தாம்மா. வெச்சிடட்டா?"

ஊரார் பிள்ளைகளிடம் வீடு வீடாக, அறை அறையாக எழுதி வாங்குகிறவருக்கு ஒரே ஓர் அறை மட்டும் கிடைக்கவே இல்லை.

ஒருநாள் அவராகவே என்னிடம் சொன்னார்: "ஒரு பஸ் புடிச்சா போய்ப் பாத்துட்டு வந்துடலாமேன்னுதானே நினைக்கிற? நானா போனா அது அவ அப்பா வீடு. அவ வான்னு சொல்லிப் போனாத்தான் அது அவ ரூம்."

நான் இருப்பதோ அந்தப் பெண்ணின் பழைய அறை. வாடகை பேசிய அன்று மிஸ் ஒன்றுதான் கேட்டுக்கொண்டார்: "அலமாரிக் கதவுல ஒட்டியிருக்கிற ஸ்டிக்கர மட்டும் பிச்சிடாதம்மா." துணி எடுக்கும்போதெல்லாம் நிறம் வெளுத்த ஒரு டைனோசர் என்னைப் பார்க்கும். இந்த அறை காலியாக இருந்திருந்தால் அவள் விடுமுறைக்காவது வந்திருப்பாளோ என்று தோன்றும்.

எங்கள் வீட்டில் முதலில் பட்டம் வாங்கியவள் நான். கட்டுரைகளை நெட்டுரு போட்டே தேறியவள். என் அம்மா எந்த அலுவலகத்துக்குள்ளும் போனதில்லை. "அங்க உனக்கு என்னடி வேலை?" என்று போனில் கேட்பாள். "கம்ப்யூட்டர்லதாம்மா" என்பேன். அதற்கு மேல் சொல்ல ஏன் வாய் வருவதில்லை? அவளுக்குப் புரியாது என்றா, சொல்லத் தொடங்கினால் நாங்கள் எவ்வளவு தூரம் விலகிவிட்டோம் என்பது தெரிந்துவிடும் என்றா? ஒவ்வொரு ஞாயிறும் "அது ரூம்தாம்மா" என்ற குரலைக் கேட்கும்போது அந்தப் பெண்மேல் எனக்குக் கோபம் வருவதில்லை.

போன ஞாயிறு நான் கூடத்தில் துணி இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தேன். மிஸ் பென்சில் சீவிக்கொண்டிருந்தார். போன் அடித்தது. அவர் வாயைத் திறப்பதற்குள் மகள் கேட்டாள்:

"அம்மா, என் ரூம்ல இருக்காங்கல்ல ஒரு அக்கா, அவங்க கட்டில எங்க போட்டிருக்காங்க?"

மிஸ் என்னைப் பார்த்தார். நான் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தேன்.

"நீ போட்டிருந்த இடத்துலயேதான். ஜன்னலோரமா."

"ஓ. இங்கயும் ஜன்னலோரமாதான் போட்டிருக்கேன்."

வழக்கமாக இந்த இடத்தில் சாப்பாட்டைப் பற்றிக் கேட்டுவிடுவார். அன்றைக்குக் கேட்கவில்லை. "ஜன்னல் எந்தப் பக்கம்? கதவத் திறந்ததும் எந்தக் கைப்பக்கம் வரும்?" என்றார்.

"எதுக்கும்மா?"

"நான் பாத்ததில்லையே."

பிள்ளைகளிடம் அவர் ஆயிரம் தடவை சொல்கிற வாக்கியம் அது. அன்றைக்குக் குரல் மட்டும் வேறாக இருந்தது.

மகள் சொல்லத் தொடங்கினாள். கதவைத் திறந்ததும் வலது கைப்பக்கம் ஜன்னல். அதன் அடியில் கட்டில். தலைமாட்டில் அப்பா அடித்துக்கொடுத்த புத்தகத் தட்டு, ஒரு பக்கம் சாய்ந்திருக்கும். மிஸ் வக்கீலின் கட்டுரைத்தாள் ஒன்றைத் திருப்பிப் போட்டு, அப்போது சீவிய பென்சிலால் வரைந்துகொண்டே போனார். "அப்புறம்?" என்றார். "அப்புறம்?"

"எதிர்ச் சுவர்ல மேசை. சேர் கிடையாது. கட்டில்ல உக்காந்து மடியில வெச்சுத்தான் எழுதுவேன். மேசை சும்மா துணி போடுறதுக்கு." அவள் சிரித்தாள். மிஸ்ஸும் சிரித்தார். மேசைமேல் கொஞ்சம் துணியும் வரைந்தார்.

"அப்புறம்?"

"அவ்ளோதாம்மா. அப்பா கூப்பிடுறாங்க. வெச்சிடட்டா?"

"சரிம்மா."

வா என்று அவள் சொல்லவில்லை.

மிஸ் படத்தைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்துப் பார்த்தார். மறுபடி மேசையில் வைத்தார். கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்த வெற்று இடத்தில், தாளோடு தாளாகக் குனிந்து, ஒரு சிறிய நாற்காலியை வரைந்தார். கட்டிலைப் பார்த்தபடி, யாரோ வந்து உட்காரப் போகிற நாற்காலி. பிறகு, கைக்குப் பக்கத்திலேயே கிடந்த ரப்பரை விரல் நுனியால் மேசையின் அந்தக் கோடிவரை தள்ளிவிட்டார்.