மாதண்ணனும் கரடியும்

பாறையில் தேனெடுக்கப் போன மாதண்ணனைக் கரடி தள்ளிவிட்ட கதை எங்கள் மலையூரில் பிரசித்தம். நொண்டிக்கொண்டே அவரே நடித்துக் காட்டுவார். தேனெடுப்பவர் தொங்கும் கயிற்றை மச்சான்தான் பிடிப்பது எங்கள் வழக்கம். தங்கையின் தாலிக்காகவாவது அவன் கையை விடமாட்டான்.

போன மாதம் டீக்கடையில், ஊர்க்கதையெல்லாம் தெரிந்தவன் என்ற மிதப்பில், மாதண்ணனின் மச்சான் என்னிடம் அழுதுகொண்டே சொன்ன ரகசியத்தை உளறிவிட்டேன். “கரடியாவது ஒண்ணாவது! மச்சான் போதையில கயித்த வுட்டுட்டாருங்க.”

பால் வாங்க வந்த மாதண்ணன் மனைவி பின்னால் நின்றிருந்தார். “எங்கண்ணனா?” என்று மட்டும் கேட்டார்.

மறுநாள் மாதண்ணன் வந்தார். “அண்ணன் வூட்டு வாசலையே இனி மிதிக்க மாட்டாளாம். இத்தினி வருசமா அந்தக் கரடிய எதுக்குத் தம்பி சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன்?”

ஊரே சிரித்த அந்தப் பொய்யால்தான் அவர் மனைவிக்குப் பிறந்த வீடு இருந்தது. அதை இல்லாமல் செய்தவன் நான்.