பட்டாளத்துத் தாத்தாவின் தீபாவளிச் சோறு

அம்மாவின் பெரியப்பா மலாயாவில் வெள்ளைக்காரன் காலத்தில் பட்டாளத்தில் இருந்தவர். எங்களுக்குப் பட்டாளத்துத் தாத்தா. நான் பிறப்பதற்கு வெகுகாலம் முன்பே வெள்ளைக்காரன் ஊர் போய்ச் சேர்ந்துவிட்டான். தாத்தா கோலா பிலாவில் ஒரு லோரிக் கொட்டகைக்குக் காவல் இருந்தார். மீசை மட்டும் இன்னும் ஓய்வு பெறவில்லை.

ஒவ்வொரு தீபாவளிக்கும் சோறும் கோழிக்கறியும் தூக்குச்சட்டியில் போட்டுக்கொண்டு, ரப்பர் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் தனியாக இருந்த ஒரு கிழவி வீட்டுக்குப் போவார். கதவு திறக்காது. வாசலில் நின்று பார்த்துவிட்டுச் சட்டியோடு திரும்புவார். அடுத்த தீபாவளிக்கு, "இந்த வருஷமாவது வாங்கிக்குமா?" என்று அம்மாவிடம் கேட்டுவிட்டு மறுபடியும் கிளம்புவார். உறவுமில்லை, ஒட்டுமில்லை, கதவைத் திறக்காதவள் வீட்டுக்கு எதற்கு இந்த நடை? தெரிந்துகொள்ளாவிட்டால் எனக்குத் தலை வெடித்துவிடும் போலிருந்தது. பத்து வயதில், அடம்பிடித்து அவர் மோட்டார் சைக்கிளில் ஏறிக்கொண்டேன்.

அன்று கதவு திறந்தது. கிழவி கையில் ஒரு விறகுக் குச்சியோடு வந்தாள்.

"தொறந்து காட்டு."

சட்டியைத் திறந்து தரையில் வைத்தவர், யாரும் சொல்லாமலே இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு நின்றார். அவள் குச்சியை விட்டு அடிவரைக்கும் கிளறினாள். நல்ல கோழிக்கறி நாசமாய்ப் போனது. பிறகு குச்சியை வீசிவிட்டு, "வெயில்ல ஏன் நிக்கிற? உள்ள வா" என்றாள். தாத்தா கண்ணைத் துடைத்துக்கொண்டே செருப்பைக் கழற்றினார். எனக்கு அவள்மேல் வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல.

வீட்டுக்கு வந்ததும் கோள் சொன்னேன். அம்மா கிழவியைத் திட்டுவாள் என்று பார்த்தால், அவளும் அழுதாள்.

"அப்போ தோட்டத்த சுத்தி முள்வேலி லா. காட்டுல ஒளிஞ்சிருந்த கம்யூனிஸ்டுங்களுக்குப் போயிரும்னு ஒரு பிடி அரிசிய வெளிய விட மாட்டான் வெள்ளைக்காரன். தாத்தாதான் தோட்டத்து கேட்டுல நின்னு ரப்பர் மரத்துல பால் வெட்டப் போறவங்க சட்டிய எல்லாம் கிளறிப் பாப்பாரு. அந்தம்மா புருஷன் சட்டியில சோத்துக்கு அடியில அரிசி இருந்துச்சு. இவரு புடிச்சிக் குடுத்திட்டாரு. வெள்ளைக்காரங்க அந்த ஆள கப்பலேத்தி இந்தியாவுக்கு அனுப்பிட்டாங்க. திரும்பி வரவே இல்ல."

நான் யோசித்தேன். "அப்போ தாத்தா யாரையும் சுடலியா?"

"இல்லம்மா. ஒருத்தரையும் சுடல."

எனக்குச் சப்பென்று போய்விட்டது. ஒருவருக்கும் ஒன்றும் செய்யாத பட்டாளக்காரரைப் பற்றிப் பள்ளியில் போய் என்னவென்று சொல்வது?