உதடு அசையாமல் ஒரு பரீட்சை

கடற்கரை ஊரான மொண்டெல்லோவின் கடைசி வீடுகளைத் தாண்டி, பூங்காவுக்கு ஊடாகப் போகிற, இரண்டு பக்கமும் மரங்கள் நிற்கும் நீண்ட வீதிக்குள் வந்தபோது மழை தூறத் தொடங்கியிருந்தது. என் முதுகுப் பைக்குள் மடிக்கணினி இருந்தது. பழைய சாமான்கள் விற்கும் இடத்தில் வாங்கியது. ஒரு பக்கப் பிணைச்சல் உடைந்துபோய், ஒட்டுநாடாவால் சுற்றி வைத்திருந்தேன். நனையாமல் இருக்கட்டும் என்று பையைக் கழற்றி நெஞ்சோடு அணைத்துக்கொண்டேன். இனி நனைந்தால்தான் என்ன என்று பிறகு தோன்றியது. ஆனாலும் கையை எடுக்கவில்லை.

இரண்டு பஸ்கள் என்னைக் கடந்து போயின. நான் கை காட்டவில்லை. பலேர்மோ வரைக்கும் நடந்தால், அவ்வளவு நேரமும் ஒருவருக்கும் ஒன்றும் சொல்லாமல் இருக்கலாம். அறைக்குப் போனதும் கேட்பார்கள். என்னைத் தவிர ஆறு பேர் இருக்கிற அறை அது. ஆறு பேரும் கேட்பார்கள்.

அன்று காலை எனக்கு இரண்டு பரீட்சைகள் இருந்தன. ஒன்று பொருளாதாரம், மற்றது அரசும் சட்டமும். உயர்பள்ளிப் பிள்ளைகள் படிக்கிற பாடங்கள். எனக்கு நாற்பது தாண்டிவிட்டது. ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடம் போவதை விட்டவன் நான். அதற்குப் பிறகு மன்னாரில் படகு, கொழும்பில் சாப்பாட்டுக் கடை, டோஹாவில் கட்டட வேலை, சைப்பிரஸில் ஆடு மேய்ப்பு என்று சுற்றி, கடைசியில் இங்கே இத்தாலிக்கு வந்து சேர்ந்தேன். இங்கேயும் ஒரு வேலையிலும் அதிக காலம் நின்றதில்லை. கடைசியாக ஒரு முதியவரைப் பார்த்துக்கொண்டேன். கிறிஸ்மஸ் முடிந்த கையோடு அவர் இறந்துபோனார். பிள்ளைகள் வந்து வீட்டைப் பூட்டினார்கள். என் வேலையும் அதோடு பூட்டப்பட்டது.

பல்லரோ சந்தைக்குப் பின்னால் ஒரு சிறிய அலுவலகம் இருக்கிறது. பெர்மெசோ என்கிற தங்கும் அனுமதியைப் புதுப்பிக்க எங்கள் ஆட்கள் அங்கேதான் போவார்கள். மொழி தெரியாதவர்களுக்குத் துணையாக நானும் அடிக்கடி போய் வருவேன். ஒருநாள் அந்த அலுவலகத்துச் சின்யோரா, அங்கே பொறுப்பாக இருக்கிற அம்மா, என்னை நிற்பாட்டி, தமிழ் பேசுகிற ஒருவரை வேலைக்கு எடுக்கப் போகிறோம், உனக்கு உயர்பள்ளி டிப்ளோமா இருக்கிறதா என்று கேட்டார். இல்லை, படித்துக்கொண்டிருக்கிறேன் என்றேன். அது உண்மைதான். இரண்டு வருடமாக இணையப் பள்ளி ஒன்றில் படித்துக்கொண்டிருந்தேன். மற்றப் பாடங்களை எல்லாம் பெரியவர்களுக்கான மாலை வகுப்பில், ஆசிரியருக்கு முன்னால் இருந்து வாயால் பதில் சொல்லித் தேறியிருந்தேன். இந்த இரண்டு பாடங்கள்தான் மிச்சம். இவை கணினியில் மட்டும். இரண்டிலும் தேறினால் டிப்ளோமாப் பரீட்சைக்கு இருக்க அனுமதிக் கடிதம் தருவார்கள். அந்தக் கடிதத்தைக் கொண்டு வா, மாத முடிவு வரைக்கும் இடத்தை வைத்திருக்கிறேன் என்றார் சின்யோரா. மேசையும் கதிரையும், காலுக்குக் கீழே ஒரு ஹீட்டரும் உள்ள இடம் அது. அதுவரை நான் பார்த்த வேலைகள் ஒன்றுக்கும் கதிரை இருக்கவில்லை.

படிப்பு எனக்குப் பிடித்திருந்தது. பஸ்ஸில் காதில் மாட்டிக்கொண்டு கேட்பேன். கேட்பும் வழங்கலும் என்று ஒரு பாடம். மத்தியானம் சாய்ந்த பிறகு பல்லரோவில் மத்தி மீனின் விலை விழுகிறதை நான் எத்தனையோ நாள் காத்திருந்து வாங்கியிருக்கிறேன். அதற்கு ஒரு வளைகோடு இருக்கிறது என்று அப்போதுதான் தெரிந்தது. அரசுப் பாடத்தில் நாடாளுமன்றத்தின் இரண்டு சபைகள், ஒரு சட்டம் எப்படி ஒன்றிலிருந்து மற்றதற்குப் போகிறது, யார் வாக்களிக்கலாம் என்பதெல்லாம் இருந்தன. நான் எந்த நாட்டிலும் வாக்களித்தவன் இல்லை. ஊரில் வயது வந்தபோது அகதி முகாமில் இருந்தோம். பிறகு போன நாடுகளில் நான் வேலைக்கு வந்தவன். ஆனாலும் அந்தப் பாடத்தின் பயிற்சிகளில்தான் எனக்கு நல்ல புள்ளி.

புத்தகம் வாசிப்பதெல்லாம் கட்டிலில் இருந்துதான். கீழ்க்கட்டில்காரர் யாழ்ப்பாணத்துத் தீவுப் பக்கத்து வேதக்காரர், கத்தோலிக்கர். நான் புத்தகமும் கையுமாக இருக்கிறதைக் கண்டால் விடமாட்டார்.

"இவன் படிக்கிறானோ, செபமாலை சொல்லுறானோ? சொல்லுறதெண்டால் எனக்கும் சேத்து ஒரு பத்து மணி சொல்லு."

எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். அவர் சொன்னது என்ன என்று அப்போது நான் யோசிக்கவில்லை.

பரீட்சைக்குச் சில நிபந்தனைகள் இருந்தன. கதவு பூட்டிய அறை. அறைக்குள் வேறு ஒருவரும் இருக்கக்கூடாது. தொடங்க முதல் கணினியைத் தூக்கிச் சுவர், மேசையின் கீழ், கதவின் பின்புறம் எல்லாவற்றையும் கமராவுக்குக் காட்ட வேண்டும். முதல் தடவை எங்கள் அறையிலேயே முயன்றேன். கண்ணில் பட்ட ஐந்து பேரையும் கெஞ்சி வெளியே அனுப்பினேன். ஆறாவது ஆள் வேலைக்குப் போய்விட்டார் என்று நினைத்தேன், அவர் குளியலறைக்குள் இருந்தது எனக்குத் தெரியாது. பரீட்சை திறந்த கையோடு, முதல் கேள்வியை நான் வாசிக்க முதலே, இடுப்பில் துவாயோடு, தலையைத் துடைத்துக்கொண்டு அவர் என் முதுகுக்குப் பின்னால் நடந்து போனார். திரை சாம்பல் நிறமாகி, பரீட்சை அதோடு மூடிக்கொண்டது. அவர் பாவம், மூன்று நாள் என்னோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. இன்னும் ஒரு தடவைதான் தருவோம், அதுவும் போனால் இலையுதிர் காலத்தில்தான் என்று பள்ளி எழுதியது.

பலேர்மோவில் தனியாக இருக்க ஓர் அறை தேடியபோதுதான், எனக்குத் தெரிந்த ஒருவரிடமும் அப்படி ஓர் அறை இல்லை என்பது விளங்கியது. எல்லோரும் யாரோடோ இருந்தார்கள். கோயிலின் பின் அறையைக் கேட்டேன். அங்கே பாட்டுப் பழகுகிறவர்கள் இருந்தார்கள். கடைசியில் மன்னார் அக்கா ஒருவர் கை கொடுத்தார். அவர் மொண்டெல்லோவில் ஒரு சின்யோராவின் கடற்கரை வீட்டைத் துப்புரவு செய்கிறவர். குளிர்காலத்தில் வீடு வெறுமையாகக் கிடக்கும். அக்கா சின்யோராவிடம் கேட்டே அனுமதி வாங்கினார். என் தம்பி மாதிரி, பரீட்சை எழுத வேணும் என்றாராம். சின்யோரா ஓம் என்றதோடு, நல்ல வெளிச்சமான அறையைக் கொடு என்றும் சொல்லியிருக்கிறார்.

அன்று காலை அக்கா எனக்கு முன்பே போய் யன்னல்களைத் திறந்து, மேசையைத் துடைத்து வைத்திருந்தார். நான் கமராவுக்கு அறையைச் சுற்றிக் காட்டினேன். பரீட்சையைக் கண்காணிக்கிற மேற்பார்வையாளர் திரையின் மூலையில் இளம் முகமாகத் தெரிந்தார். மரியாதையானவர். உங்கள் பின்னால் சுவரில் ஒருவர் இருக்கிறாரே, கணினி அவரையும் ஒரு ஆளாக எண்ணுகிறது என்றார். சின்யோராவின் இறந்துபோன கணவரின் பெரிய படம் அது. அக்காவைக் கூப்பிட்டேன். அவர் படத்தைத் தொட்டு, நெற்றியிலும் நெஞ்சிலும் சிலுவை போட்டுக்கொண்டு, "கொஞ்ச நேரம் பொறுத்துக்கொள்ளுங்கோ ஐயா" என்று அதைச் சுவர்ப்பக்கம் திருப்பினார். பிறகு கதவைச் சாத்திவிட்டுத் தோட்டத்துக்குப் போனார்.

பொருளாதாரம் முதலில் வந்தது. முதல் கேள்வி சுலபம். இரண்டாவதும் சுலபம். மூன்றாவதை வாசித்துக்கொண்டிருந்தபோது திரையில் சிவப்பு எழுத்து விழுந்தது. அறையில் குரல் கேட்கிறது என்று. நான் திரும்பிப் பார்த்தேன். ஒருவரும் இல்லை. அக்கா தோட்டத்தில் யாரோடாவது கதைக்கிறாரோ என்று யன்னலைப் பார்த்தேன். அவர் தூரத்தில் சருகு கூட்டிக்கொண்டிருந்தார். மறுபடி வாசிக்கத் தொடங்கினேன். மறுபடி சிவப்பு எழுத்து. இந்த முறை மேற்பார்வையாளரின் குரலும் வந்தது.

"யாரோடு பேசுகிறீர்கள்?"

"ஒருவரோடும் இல்லை."

"உங்கள் உதடு அசைகிறது. சத்தமும் வருகிறது."

அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. நான் வாயால் வாசிக்கிறவன்.

முகாமில் நாங்கள் தறப்பாள் கொட்டிலில் படித்தோம். நாலு பேருக்கு ஒரு புத்தகம். ஒருவன் வாசிப்பான், மற்றவர்கள் சொல்லிப் பாடமாக்குவோம். வாத்தியார் பிரம்போடு வரிசைகளுக்கு நடுவே நடப்பார். அவர் புத்தகத்தைப் பார்க்கமாட்டார், வாயைத்தான் பார்ப்பார். வாய் நின்றவன் நித்திரை கொள்கிறான் என்று கணக்கு. பிரம்பு விழும். அதற்குப் பிறகு பஸ் டிக்கெட் ஆனாலும், மருந்துப் பெட்டி ஆனாலும் எனக்கு எழுத்து வாய் வழியாகத்தான் உள்ளே போயிருக்கிறது. இத்தனை வருடமும் ஒருவரும் அதை ஒரு குறையாகச் சொன்னதில்லை. செபமாலை என்று பகிடி பண்ணினார்கள், அவ்வளவுதான்.

இதையெல்லாம் அந்த இளைஞருக்கு எப்படிச் சொல்வது? மெதுவாக வாசிக்கிறேன், அது என் பழக்கம் என்று மட்டும் சொன்னேன். அவர் தலையசைத்தார். வாயை மூடிக்கொண்டு வாசியுங்கள், இன்னொரு தடவை சத்தம் வந்தால் கணினி தானாகவே மூடிவிடும், அதை நான் தடுக்க முடியாது என்றார்.

வாயை மூடினேன். எழுத்துகள் தெரிந்தன, சொற்கள் தெரிந்தன, ஆனால் ஒன்றும் உள்ளே வரவில்லை. ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். கையால் வாயைப் பொத்தினேன். முகத்தை மறைக்கக்கூடாது என்று எழுத்து வந்தது. நாக்கைப் பல்லுக்கிடையில் கடித்துக்கொண்டேன். அப்படியே நாலைந்து கேள்விகளுக்கு விடை அழுத்தினேன். சில சரியாகவும் இருந்திருக்கும். பிறகு விலைவாசி உயர்வைப் பற்றி ஒரு பந்தி வந்தது. பாணின் விலை ஏறினால் கூலிக்காரனின் சம்பளத்துக்கு உண்மையில் என்ன நடக்கிறது என்று கேட்டிருந்தார்கள். அது எனக்குத் தெரியும். நன்றாகத் தெரியும். தெரியும் என்ற சந்தோஷத்தில் நாக்கு விடுபட்டுவிட்டது போல. பந்தியின் நடுவில் திரை சாம்பல் நிறமானது.

இளைஞர் உடனே போய்விடவில்லை. எனக்காகக் காத்திருந்தார்.

"அறையில் வேறு ஒருவரும் இல்லை என்று எனக்குத் தெரியும்," என்றார். "நான் அப்படியே எழுதுகிறேன். ஆனால் விதி அது. மன்னிக்க வேண்டும்."

நன்றி என்றேன். திட்டுவதற்கு அவர் ஒரு பிழையும் செய்யவில்லை. அரசுப் பாடம் திறக்கவே இல்லை.

அக்கா தேத்தண்ணீர்க் கோப்பையோடு உள்ளே வந்தார். நான் மேசையில் கையை வைத்துக்கொண்டு இருக்கிறதைக் கண்டு முகம் மலர்ந்தார்.

"அதுக்குள்ளை முடிச்சிட்டியே? கெட்டிக்காரன்தான் நீ."

"முடிஞ்சுது அக்கா."

"எனக்குத் தெரியும். நேற்றுப் பூசையிலை உனக்காக மெழுகுதிரி கொளுத்தினனான்."

அவர் படத்தைத் திருப்பி மாட்டி, கோணல் இல்லாமல் சரி பார்த்தார். நான் தேத்தண்ணீரைக் குடித்து, கோப்பையைக் கழுவி வைத்தேன். தான் வேலை முடித்து வரும் வரைக்கும் நில், சேர்ந்து பஸ்ஸில் போகலாம் என்றார். கொஞ்சம் நடக்க வேணும் போலக் கிடக்கு என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

பாதி வழியில், மழை கொஞ்சம் விட்டபோது, ஒரு மரத்தின் கீழ் நின்று அலுவலகத்துச் சின்யோராவுக்குக் குரல் செய்தி அனுப்பினேன். பரீட்சை நடக்கவில்லை, இனி இலையுதிர் காலத்தில்தான் என்றேன். காரணம் சொல்லவில்லை. நான் பூங்காவைத் தாண்ட முதலே பதில் எழுத்தில் வந்தது. மிகவும் வருத்தமாக இருக்கிறது, இங்கேயே பிறந்த தமிழ்ப் பிள்ளை ஒன்று கேட்டிருக்கிறது, அதை எடுக்க வேண்டியதாகிறது என்று. நடந்துகொண்டே வாசித்தேன். என் வாய் அசைகிறதை அந்த நாளில் முதல் தடவையாக நானே கவனித்தேன். எதிரில் நாயோடு வந்தவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்துக்கொண்டு ஒதுங்கிப் போனார்.

துறைமுகத்தில் கப்பல் அறைகளைத் துப்புரவு செய்கிற கூட்டத்தின் தலைவன், நாங்கள் கப்போ என்று கூப்பிடுகிறவன், இரண்டு கிழமையாக என்னை வேலைக்கு வரச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருந்தான். கதிரை கிடைக்கும் என்று நான் பதில் சொல்லாமல் இழுத்தேன். அவனுக்குப் போன் எடுத்தேன். ஏன் இவ்வளவு நாள் என்று அவன் கேட்கவில்லை. விடியற்காலை வாசலுக்கு வா, கறுத்த சப்பாத்துப் போட்டு வா என்றான். அறைக்குப் போய்ச் சேர்ந்ததும் ஆறு பேரும் கேட்டார்கள். நாளைக்கு வேலை இருக்கு, படுக்கப் போறன் என்றேன். கீழ்க்கட்டில்காரர்கூடப் பகிடி ஒன்றும் விடவில்லை.

மறுநாள் நேப்பிள்ஸிலிருந்து வந்த கப்பலில் ஆட்கள் இறங்கி முடிய முதலே நாங்கள் ஏறினோம். இரண்டு பேருக்கு ஒரு வரிசை அறைகள். கட்டில் விரிப்பை உருவ வேண்டும், புதியதை விரிக்க வேண்டும், கழிப்பறை, கண்ணாடி, குப்பை. என்னோடு விட்டது யாழ்ப்பாணத்து ஆள் ஒருவர். வந்து அதிக காலம் இல்லை. என்னைவிட வேகமாகச் செய்தார். ஓர் அறைக்கதவின் பின்னால் ஆபத்து நேரத்தில் என்ன செய்வது என்று ஓர் அறிவித்தல் ஒட்டியிருந்தது. விரிப்பின் ஒரு முனையைப் பிடித்தபடி நான் அதைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன்.

"அண்ணை, ஆரோடை கதைக்கிறியள்?"

"ஒருத்தரோடையும் இல்லை," என்றேன்.

சரி என்று அவர் மற்ற முனையை இழுத்தார். விரிப்பு கட்டிலில் விழுந்தது. கப்போ நடைவழியில் நின்று, கீழ்த்தளம் இன்னும் தொடவே இல்லை என்று கத்திக்கொண்டிருந்தான். தலையணை உறைகளைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு அடுத்த அறைக்குப் போனோம்.