ஓடச் சொல்லும் கைப்பட்டை

இன்று காலை ஒரு பானக் கம்பெனிக்காரர்கள் எங்கள் தோட்டப் பள்ளிக்கு வந்து பிள்ளைகளுக்கு இலவசக் கைப்பட்டை கொடுத்தார்கள். பச்சை நிறம். கம்பெனிப் பெயர் பெரிதாக, அதற்குக் கீழே ‘ஓடு, ஆடு!’

மிஞ்சியதில் ஒன்றை நானும் மாட்டிக்கொண்டு பிள்ளைகளிடம் பேசினேன். "தினமும் ஓடி விளையாடணும். ஃபோனை நோண்டிக்கிட்டு உக்காரக் கூடாது."

ஓய்வு நேரத்தில் மூன்றாம் ஆண்டு ஷாமினி வந்தாள்.

"டீச்சர், எங்க ஓடறது?"

"திடல்லதான் லா. வேற எங்க?"

"அங்க உங்க கேரெத்தா நிக்குது டீச்சர்."

மலைச்சரிவில் எங்கள் பள்ளிக்கென்று இருக்கும் ஒரே சமதரை அந்தத் திடல். அது முழுக்க ஆசிரியர்களின் கார்கள். என்னுடையது கோல் கம்பத்துக்கு நேர் முன்னால். போன வாரம் அதன் கண்ணாடியில் பந்து பட்டதற்கு இதே ஷாமினியைத்தான் திட்டினேன்.

"கோவிச்சிக்காதீங்க டீச்சர். சும்மா கேட்டேன்."

அதுதான் சுட்டது.

காரைக் கீழே சாலையோரம் நிறுத்திவிட்டு, மூச்சு வாங்க மேடேறி வந்தேன். மற்ற கார்கள் அசையவில்லை. என் கார் நின்ற அந்தத் துண்டு இடத்துக்குள்ளேயே பிள்ளைகள் சுற்றிச் சுற்றி ஓடிக்கொண்டிருந்தார்கள்.

கைப்பட்டையைக் கழற்றிப் பைக்குள் போட்டுவிட்டேன்.

ஆசிரிய நண்பர்களே, உங்கள் பள்ளித் திடலில் பிள்ளைகள் ஓடுகிறார்களா, இல்லை உங்கள் கார் ஓய்வெடுக்கிறதா?