எனக்கு மட்டும் புரிந்த நாலு வார்த்தை

நான் இங்கிலீஷ் படித்ததே கல்யாணத்துக்காகத்தான். திருச்சியில் ஆபீஸ் உத்தியோகம் பார்க்கிற மாப்பிள்ளை, பெண்ணுக்கு நாலு வார்த்தை இங்கிலீஷ் தெரிந்தால் நல்லது என்றாராம். நான் எட்டாவதோடு நின்றவள். அப்பா மறுநாளே வல்லத்திராக்கோட்டையிலிருந்து புதுக்கோட்டைக்குப் போய் ஒரு மெல்லிய புத்தகம் வாங்கி வந்தார். ஒரு பக்கம் தமிழில் சின்னச் சின்னப் பேச்சு. எதிர்ப்பக்கம் அதற்கான இங்கிலீஷ், தமிழ் எழுத்திலேயே.

அப்பா கவலை ஏற்றத்தில் மாடு பூட்டிக் கிணற்றுத் தண்ணீர் இறைக்கும்போதுதான் பாடம். தமிழ்ப் பக்கம் முழுக்க அவருக்கு மனப்பாடம்.

"வாங்க, ஒக்காருங்க!" என்பார்.

"கம் இன், சிட் டவுன்!" என்று மடையைத் திருப்பிக்கொண்டே நான் கத்துவேன்.

"அந்தச் சனியன் என் வாயில நொழைய மாட்டேங்குதே" என்று சிரிப்பார். ரெண்டு மாசத்தில் புத்தகம் முடிந்தது. சின்னப் பேச்சு எதுவானாலும் காதில் விழுந்ததுமே அர்த்தம் தெரிந்தது. அதில் எனக்குக் கொஞ்சம் திமிர்கூட உண்டு.

மாப்பிள்ளை ஒரு சிநேகிதரோடு பெண் பார்க்க வந்தார். காபி கொண்டுபோய்க் கொடுத்தேன். என்னிடம் அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. சிநேகிதர்தான் அவரிடம் கேட்டார்.

"வாட் டு யு திங்க்?"

"நோ, நோ. டூ டார்க்."

"தென் லெட் அஸ் கோ."

"ஃபினிஷ் யுவர் காபி ஃபர்ஸ்ட்."

ரொம்பக் கறுப்பாம். காபியைக் குடித்துவிட்டுக் கிளம்பலாமாம். என் நிறத்தைக் கழித்தவர்கள் என் காபியில் ஒரு சொட்டு மிச்சம் வைக்கவில்லை. எதிரே அப்பா துண்டைக் கையில் பிடித்துக்கொண்டு, அவர்கள் சொன்ன ஒவ்வொரு வார்த்தைக்கும் வாயெல்லாம் பல்லாகத் தலையாட்டிக்கொண்டிருந்தார்.

அவர்கள் போனதும், "என்னாத்தா பேசிக்கிட்டாங்க? ஒனக்கு வெளங்குச்சா?" என்றார்.

"காப்பி நல்லா இருக்குன்னாங்கப்பா."

அந்த முகத்தைப் பார்த்து வேறெதுவும் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வேண்டாமென்று அவர்களே கடுதாசி போடட்டும் என்று விட்டேன். கோழைத்தனம்தான். கடுதாசி வரவில்லை. இதற்கிடையில் கீரமங்கலத்திலிருந்து ஒரு நல்ல குடும்பம் பெண் கேட்டு வந்தது. "எடம் முடிஞ்ச மாதிரிதாங்க" என்று அப்பா கும்பிட்டு அனுப்பிவிட்டார். அப்போதும் நான் அடுப்படியில் வாயை மூடிக்கொண்டிருந்தேன். என் வாழ்க்கையை அப்படி நானே கெடுத்துக்கொண்டேன்.

கடைசியில் அப்பா என்னிடம் சொல்லாமல், ஒரு பை நிறையக் கடலையோடு திருச்சிக்கே போய்விட்டார். சாயங்காலம் பையோடு திரும்பி வந்தார். மாப்பிள்ளைக்குக் கல்யாணமாகிப் பத்து நாளாம். அம்மா ஒப்பாரி வைக்கத் தொடங்கினாள். நான் எதுவும் கேட்காமல் தண்ணீர்ச் செம்பை நீட்டினேன். அப்பா அதை வாங்காமல் என்னையே பார்த்தார்.

"ஒனக்கு அன்னைக்கே தெரியுமா ஆத்தா?"

"தெரியும்ப்பா."

"என்ன சொன்னாங்க?"

"கறுப்புன்னாங்க."

நான் அச்சு அசல் அப்பா நிறம். அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"அதப் படிக்க வைக்காம இருந்திருந்தா, ஒனக்குத் தெரியாமலாச்சும் போயிருக்கும். நாந்தான் பாவி."

மாப்பிள்ளை சொன்னது எனக்கு இவ்வளவு வலிக்கவில்லை. இல்லப்பா, உங்களோடு சேர்ந்து கத்திப் படித்த அந்த ரெண்டு மாசத்தைப் போல நான் என்றைக்கும் சந்தோஷமாக இருந்ததில்லை என்று சொல்லியிருக்க வேண்டும். அழுகைதான் வந்தது. பிறகு அவர் இருந்த வருஷங்களிலும் நான் அதைச் சொல்லவே இல்லை.